கூரையிலிருந்து எந்தப் பூனையும் விழவில்லை

போன வாரம் ஒரு பயிற்சி நூலின் கைப்பிரதி செம்மையாக்கத்துக்கு வந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கான ஆங்கில மரபுத்தொடர்கள். மழையும் ஈரமும் பற்றி ஓர் அத்தியாயம். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (பூனையும் நாயுமாகப் பொழிகிறது, அதாவது கொட்டித் தீர்க்கிறது) என்ற தொடருக்குக் கீழே அதே கதை: பழைய இங்கிலாந்தில் வீடுகளுக்கு வைக்கோல் கூரை, குளிருக்கு நாயும் பூனையும் அதற்குள் படுத்திருக்கும், மழையில் வழுக்கிக் கீழே விழும். எத்தனை கைப்பிரதிகளில்தான் இதை அடித்து நீக்குவது? பாடநூலில் அச்சேறிவிட்டால் பிள்ளைகள் ஆயுளுக்கும் நம்புவார்கள் என்பதால் இங்கே விரிவாகவே எழுதுகிறேன்.

வேய்ந்த கூரையை நாம் பார்த்ததில்லையா? தண்ணீர் உள்ளே இறங்காமல் வழிந்தோடத்தான் அதை இறுக்கமாக, சரிவாக வேய்கிறார்கள். அதில் எலி புகும், குருவி கூடு கட்டும். நாய் எப்படி ஏறிப் படுக்கும்? இந்தக் கதை உலகம் முழுக்கப் பரவியது 1999இல், '1500களில் வாழ்க்கை' என்ற மின்னஞ்சல் வழியாக. அதில் ஆதாரம் என்று ஒரு வரிகூடக் கிடையாது.

எழுத்தில் கிடைக்கும் சான்று வேறு. ஹென்றி வான் என்ற கவிஞரின், 1651இல் வெளியான கவிதையொன்றில், நாயும் பூனையுமாகப் பொழியும் மழையிலிருந்து சரக்கைக் காக்கும் கூரைக்கு வியாபாரிகள் ஆசைப்படுவதாக வருகிறது. கவனியுங்கள், அங்கே கூரை காப்பாற்றுகிறது. விலங்குகள் அதிலிருந்து விழவில்லை. 1653இல் அச்சான ரிச்சர்ட் புரோமின் நாடகத்தில் நாயோடு மரநாய் வகை விலங்கொன்று பொழிகிறது. இன்றைய வடிவம் எழுத்தாளர் ஜொனாதன் ஸ்விஃப்ட் 1738இல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. சலித்துப்போன பேச்சுவழக்குகளைக் கேலி செய்யும் நூல் அது; அப்போதே தொடர் பழசாகிவிட்டது என்று பொருள். 1710இல் அவர் எழுதிய லண்டன் மழைக் கவிதையில் செத்த பூனைகளும் நாய்க்குட்டிகளும் வெள்ளத்தில் மிதந்து வருவதால் அதுவே மூலம் என்போரும் உண்டு. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய சான்றை அவர்கள் என்ன செய்வார்கள்?

உண்மையான தோற்றம் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கடுமையைக் காட்டப் பொருத்தமற்ற ஒன்றை வானத்திலிருந்து விழவைப்பது பல மொழிகளின் இயல்பு. வேல்ஸ் மொழியில் கிழவிகளும் கம்புகளும் பொழியும்; செக் மொழியில் தள்ளுவண்டிகள் விழும். நாம் பேய்மழை என்கிறோம். பேய்கள் எந்தக் கூரையில் தூங்கின என்று யாரும் தேடுவதில்லையே!

அதே மின்னஞ்சலின் இன்னொரு புளுகு, குளித்த நீரோடு குழந்தையையும் வீசுவது, அதாவது வேண்டாததோடு வேண்டியதையும் தொலைப்பது, என்ற தொடரைப் பற்றியது. குடும்பமே ஒரே நீரில் குளித்து, கடைசியில் அழுக்கு நீரில் குழந்தை கண்ணுக்குத் தெரியாமல் போகுமாம். உண்மையில் அந்தத் தொடர் ஜெர்மன் பழமொழி. 1512இல் தாமஸ் முர்னரின் அங்கத நூலில் மரச்செதுக்குப் படத்தோடு இருக்கிறது. ஆங்கிலத்துக்கு வந்தது 19ஆம் நூற்றாண்டில்.

'வெட் பிளாங்கெட்' எளிது: தீயை அணைக்க ஈரக் கம்பளியைப் போர்த்துவார்கள், பிறர் உற்சாகத்தை அணைப்பவருக்கு அந்தப் பெயர். நோயாளி என்று சில கையேடுகள் பொருள் எழுதுகின்றன, தவறு. காதுக்குப் பின்னால் ஈரம் காயாதவன் என்றால், பிறந்த கன்றைப் போல அனுபவமில்லாத புதியவன். இதுவும் ஜெர்மன் வழி வந்ததாகவே தெரிகிறது. 'முளைத்து மூன்று இலை விடவில்லை' என்பதை அருகே எழுதினால் போதும், பிள்ளைக்குப் புரிந்துவிடும். விசிலை நனைப்பது என்றால் தொண்டையை நனைப்பது. சாராயக் கடைக் கோப்பையில் விசில் பொருத்தியிருந்தார்கள் என்ற கதையை விட்டுவிடுங்கள். 14ஆம் நூற்றாண்டு ஆங்கிலக் கவிஞர் சாசரிடமே இந்தத் தொடர் உண்டு, அங்கே விசில் என்பது வாய்தான்.

ஆசிரியர்களே, எழுத்தாளர்களே, ஒரு தொடருக்குத் தோற்றக்கதை கிடைத்தால் முதலில் ஆண்டைக் கேளுங்கள். எந்த நூலில், எப்போது முதலில் வந்தது? ஆக்ஸ்போர்டு பேரகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் தேதியிட்ட மேற்கோள் தருகிறது. பெரிய நூலகங்களில் பார்க்கலாம். கதை எவ்வளவு சுவையாக இருக்கிறதோ அவ்வளவு சந்தேகப்படுங்கள். வாட்ஸப்பில் வந்ததைக் கரும்பலகையில் ஏற்றாதீர்கள். தேர்வில் நாய், பூனை மழைத் தொடரின் தோற்றத்தைக் கேட்கத்தான் வேண்டுமென்றால், 'உறுதியாகத் தெரியவில்லை' என்று எழுதும் பிள்ளைக்கு முழு மதிப்பெண் போடுங்கள், தயவுசெய்து.