தனியார் வெளி என்றொரு சொல்

பால்நிலை பற்றிய கைந்நூல் எதை விரித்தாலும் இந்தத் தொடர் இருக்கிறது: ‘பெண்கள் தனியார் வெளியிலும் பொது வெளியிலும் எதிர்நோக்கும் சவால்கள்’. ஆங்கிலத்துப் ‘பிரைவேட் ஸ்பேஸ்’தான் இப்படித் ‘தனியார் வெளி’ ஆகியிருக்கிறது. பல காலம் பொறுத்துக்கொண்டேன். போன மாதம் இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நடந்த வகுப்பில், பாடம் நடத்த வந்த வளவாளர் இதை வாசித்ததும், கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்த அக்கா ஒருவர் கேட்டார்: “தனியாருன்னா கம்பனியா டீச்சர்?”

அவர் கேட்டதில் என்ன பிழை? தனியார் பஸ், தனியார் வைத்தியசாலை, தனியார் வகுப்பு. ‘தனி’யோடு ஆளைக் குறிக்கும் ‘ஆர்’ சேர்ந்த சொல் அது. அரசல்லாத உடைமையாளரைச் சொல்கிறது. ஆங்கிலத்துப் ‘பிரைவேட்’ லத்தீனில் பொதுப் பதவி வகிக்காதவரைக் குறித்த சொல்லிலிருந்து வந்து, இன்று உடைமையையும் அந்தரங்கத்தையும் ஒரே முதுகில் சுமக்கிறது. தமிழ் இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. மொழிபெயர்ப்பாளர் அகராதியில் முதலில் கண்ட பொருளோடு எழுந்து போய்விட்டார். அதுவும் எந்த ஊருக்கு? தோட்ட நிர்வாகம் 1992 முதல் கம்பனிகளின் கையில். தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்தில், பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவின் தகரம் ஒழுகினால் தோட்டத்துரையிடம் போய் நிற்க வேண்டும். ஆக, லயம் சொல்லுக்குச் சொல் ‘தனியார் இடம்’தான். அதில் குடியிருப்பவளுக்குத்தான் அது தன் இடமாக இல்லை.

‘தனியாரை’க்கூட மன்னித்துவிடலாம்; ‘வெளி’தான் என் வயிற்றெரிச்சல். ‘ஸ்பேஸ்’ என்று கண்ட இடமெல்லாம் வெளி போடுவது கட்டுரைக்காரர்களுக்குப் பழகிவிட்டது. வெள் என்ற வேரில் பிறந்தது அது. வெளிச்சம், வெளிப்படை எல்லாம் அதன் கூடப்பிறந்தவை. மறைப்பில்லாதது எதுவோ அது வெளி. கதவுக்கு அந்தப் பக்கம் இருப்பதும் வெளி. அந்தரங்கத்துக்கு வெளி என்று பேர் வைப்பது இருட்டுக்கு விளக்கு என்று பேர் வைப்பது மாதிரி. இதைவிடக் கொடுமை, லயத்துப் பேச்சில் ‘வெளிக்குப் போறது’ என்றால் என்னவென்று அந்த வகுப்பில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ‘பெண்களின் வெளி சுருங்கிவிட்டது’ என்று வளவாளர் உருக்கமாகச் சொன்னபோது தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கக்கூஸ் இல்லாத காலத்தில் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, துணைக்கு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு தேயிலைக்குள் இறங்கியவர்கள் அவர்கள். வளவாளர் சொல்ல வந்ததும் கிட்டத்தட்ட அதைத்தான். சொல் குறுக்கே நின்று வேடிக்கையாக்கிவிட்டது.

இலக்கியக்காரர்களிடம் போனால் ‘அகவெளி, புறவெளி’ என்பார்கள். தொல்காப்பியத்தின் அகம் காதல் ஒழுக்கம். புறத்தில் போர் வருகிறது, கொடை வருகிறது. இன்றைய வாசகருக்கோ அகவெளி என்றால் மனசுக்குள் இருக்கிற ஏதோ ஒன்று. புருஷன் அடிக்கிற சத்தம் பக்கத்துக் காம்பராவுக்கும் அதற்கு அடுத்ததற்கும் கேட்கிறது. ‘அது அவங்க வீட்டு விஷயம்’ என்று எல்லாரும் படுத்துக்கொள்கிறார்கள். அந்த இடத்தை அகவெளி என்றால் கவிதை மாதிரி ஒலிக்கிறது. இலங்கையின் 2005ஆம் ஆண்டு 34ஆம் இலக்கச் சட்டத்தை நாம் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் என்கிறோம். சட்டத்துக்கே வராத கூச்சம் இவர்களுக்கு ஏன்? வீடு என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்?

இடத்தைச் சொல்ல வீடு, காம்பரா, அறை போதும். பிறர் பார்வையும் கையும் நுழையக்கூடாத தன்மையைச் சொல்ல ‘அந்தரங்கம்’ இருக்கிறது. வடசொல் என்று முகம் சுளிப்பவர்கள் ‘தனியிடம்’ என்கிறார்கள். தனியிடம் என்பது ஆளரவமில்லாத இடம்; பெண்பிள்ளையை அங்கே போகாதே என்றுதான் சொல்லி வளர்க்கிறோம். தமிழ்தான் வேண்டுமென்றால் தோட்டத்தில் தண்ணீர் விழுகிற பீலிக்கரைக்கு வாருங்கள். குறுக்குக்கட்டோடு குளிக்கிறவர்கள் உடுப்பு மாற்றக் கேட்பது ‘மறைவு’. காம்பராவுக்குள் சேலையைக் கட்டித் தொங்கவிட்டு உண்டாக்கிக்கொள்வதும் மறைவு. ‘அது மரண அறிவித்தலில் வரும் சொல்லாச்சே’ என்று நண்பரொருவர் மடக்கினார். செத்தவர்களுக்குக் ‘காலமானார்’ இருக்கிறது, உயிரோடு இருக்கிறவளுக்கு இதை விட்டுவிடுங்கள் என்றேன்.

மறைவு, பொது என்று இரண்டாகப் பிரித்தாலும் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பு எதிலும் அடங்காது. டச்சுக்காரர் வாசற்படிக்குச் சொன்ன சொல்லின் வழி வந்தது. கூரை வீட்டுக்குரியது, பார்வை ஊருக்குரியது. ஆம்பிளைகள் அங்கே சாய்ந்திருந்து தேத்தண்ணி குடிக்கலாம். வயசுக்கு வந்த பிள்ளை நின்று தலைவாரினால் “உள்ளுக்குப் போ” என்று குரல் வரும். அவளே பேத்தி கண்ட பிறகு நாள் முழுக்கக் குந்தியிருக்கலாம், ஒருவரும் கேட்கமாட்டார்கள். இதற்கெல்லாம் கைந்நூலில் ஒரு வரி கிடையாது.

சிவப்புப் பேனாவால் திருத்தி அனுப்பினேன். புதிய பதிப்பு வந்திருக்கிறது: ‘தனிநபர் வெளி’. அதே அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “இந்த நபரு யாரு டீச்சர்?”