எரிந்துபோவதும் அலுத்துப்போவதும்

சேலத்து நூற்பாலை ஒன்று தன் மேலாளர்களுக்கு ஏற்காட்டில் முகாம் நடத்தியது. கையேட்டுத் தமிழைச் சரிபார்க்க என்னை அழைத்தார்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி இறங்கினால், வாசலில் பதாகை: 'எரிந்துபோன மேலாளர்களை மீட்போம்'. தீயணைப்புத் துறை நிகழ்ச்சியா என்று கேட்டார் ஓட்டுநர்.

மூலச்சொல் பர்ன்அவுட். எரிபொருள் தீர்ந்து அணைந்துபோவது. 1974-இல் உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், நியூயார்க் இலவச மருத்துவமனைப் பணியாளர்களிடம் கண்ட, வேலை செய்து செய்தே ஆற்றல் வற்றிப்போன நிலையை இந்தச் சொல்லால் எழுதினார்.

ஆங்கிலத்தில் அணைந்துபோகிற அந்தத் தீ தமிழில் அணைவதில்லை. வயிறு எரிந்தால் பொறாமை. எரிந்து விழுந்தால் கோபம். 'எரிந்துபோன மேலாளர்' ஒன்று சிடுமூஞ்சி, இல்லையென்றால் சாம்பல்.

இதற்கு மாற்றாகச் சிலர் எழுதும் 'மனச்சோர்வு' இன்னும் மோசம். மருத்துவர்கள் அதை டிப்ரஷன் என்ற நோய்க்கு வைத்திருக்கிறார்கள். பர்ன்அவுட் நோயன்று, வேலைசார் நிகழ்வு என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் தெளிவாகவே சொல்லிவிட்டது: நாள்பட்ட பணியிட அழுத்தத்தால் ஆற்றல் வற்றும், வேலைமீது மனம் விலகும், செயல்திறன் குறையும். மனச்சோர்வு என்று எழுதினால் குற்றம் மேலாளரின் மனத்துக்குப் போய்விடுகிறது. பகலெல்லாம் அவரைக் கூட்டங்களில் உட்காரவைத்து, சொந்த வேலையை இரவுக்குத் தள்ளிய நிர்வாகம் தப்பித்துக்கொள்கிறது.

நம்மிடம் 'அலுப்பு' இருக்கிறது. உடல் அலுப்பும் அதுதான், 'இந்த வேலையே அலுத்துவிட்டது' என்பதும் அதுதான். வற்றலும் விலகலும் ஒரே சொல்லில். அலுப்பு மருந்து பெட்டிக்கடையில் கிடைக்குமே என்று கேலி செய்தார் ஒரு மேலாளர். தூங்கி எழுந்தால் தீர்வது அலுப்பு, அலுத்துப்போனால் தீராது. 'போ' என்ற துணைவினையின் வேலை அது. ஆகவே பணியலுப்பு, அலுத்துப்போன மேலாளர்.

கையேடு அதோடு விடவில்லை. கோச்சிங்கைப் 'பயிற்சி' ஆக்கியிருந்தது. சேலம், நாமக்கல் பக்கம் பயிற்சி என்றால் நீட் வகுப்பு. மேலாளர்களும் அப்படியே புரிந்துகொண்டு, திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஒரு மணி நேர வகுப்பைச் சேர்க்கலாம் என்று எழுதிக்கொண்டார்கள். சொல்ல வந்ததோ நேர் எதிர்: 'நீங்கள் என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?' என்று ஊழியரைக் கேட்டுவிட்டுக் காத்திருப்பது. எல்லாவற்றுக்கும் தானே விடை சொல்லும் மேலாளரின் மேசைக்குத்தான் அடுத்த சிக்கலும் வரும்.

கோச் என்பதே ஹங்கேரியில் கோச் என்ற ஊரின் வண்டியிலிருந்து வந்த பெயர். 'வழித்துணை' என்று எழுதிக் கொடுத்தேன். சாமி பெயர் போலிருக்கிறது என்றார்கள். விரிஞ்சிபுரத்தில் வழித்துணைநாதர் இருக்கிறார்தான். அவரும் பயிற்சி வகுப்பு எடுப்பதில்லை.