இரண்டு மணிக்கொரு முறை புரட்ட ஆளில்லாதபோது

காரைக்குடி வட்டாரத்தில் செவிலியராக நான் பார்க்கும் முதியவர்களில் பலர், பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை நீளும் வீட்டில் வேலைக்கு வரும் ஒரு பெண்ணின் துணையோடு வாழ்பவர்கள். ஈரமான ஆத்தங்குடிக் கல்லில் வழுக்கியோ நிலைப்படி தடுக்கியோ விழுந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிறார்கள்.

அப்படி வந்த ஓர் ஆச்சிக்கு அறுவை நன்றாகவே முடிந்தது. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். மாத்திரைச் சீட்டு கொடுத்தோம். எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது என்று செய்துகாட்ட அன்று வார்டில் எங்களுக்கு நேரமிருக்கவில்லை. மூன்று வாரத்தில், முதுகின் அடியில் உள்ளங்கை அகலப் படுக்கைப் புண்ணோடு திரும்பினார். அழுகிய சதையை அகற்றுதல், ஊசி மருந்து, தினசரி டிரஸ்ஸிங் என்று ஒரு மாதம் போயிற்று. “விழுந்ததுக்கு ஆனதைவிடப் படுத்ததுக்கு ஆன செலவு ஜாஸ்தியா இருக்கே சிஸ்டர்” என்றார் மகள். என்னிடம் பதில் இல்லை.

எலும்பு புடைத்த இடத்தில் உடலின் எடை தொடர்ந்து அழுத்தினால் அங்கே ரத்தம் ஓடாது, சதை செத்துவிடும். விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காத சிவப்பே முதல் அறிகுறி. நம் கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால் சூடு, கெட்டிப்பு இருக்கிறதா என்று தொட்டும், நிறம் மாறியிருக்கிறதா என்று கவனித்தும் பார்க்க வேண்டும். அந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது; காற்றடைத்த ரப்பர் வளையத்தில் உட்கார வைப்பதும் கேடுதான். பொதுவாக இரண்டு மணிக்கொரு முறை பக்கம் மாற்றி, குதிகால் படுக்கையில் படாதபடி கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். ஏர் பெட் வாங்கிவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்திவிடுகிறார்கள். அது துணை மட்டுமே.

பென்சில்வேனிய மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002இல் வெளியான ஆய்வு, ஒரு செவிலியருக்குக் கூடுதலாக ஒரு நோயாளி சேரும்போது அறுவை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதைக் காட்டியது. இங்கே செலவைக் குறைக்க முதலில் குறைக்கப்படுவது இரவுப் பணிச் செவிலியர்கள். பில்லில் ‘நர்சிங் சார்ஜ்’ வரி மட்டும் குறைவதில்லை.

தமிழ்நாடு அரசு 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் (பிசியோதெரபி), வேதனையைக் குறைக்கும் நோய்த்தணிப்புச் சேவையும் வீட்டுக்கே வருகின்றன; படுக்கையில் இருப்பவரின் வீட்டார் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்க வேண்டும்.

அந்த ஆச்சிக்குப் பிறகு, வீட்டில் கூட இருக்கப்போகும் பெண்ணை டிஸ்சார்ஜுக்கு முந்தைய நாளே வார்டுக்கு வரச் சொல்லி, என் முன்னால் இரண்டு முறை புரட்டிக் காட்டச் சொல்கிறேன். இருபது நிமிடம் ஆகிறது.