கீழாநெல்லி குடிக்கலாமா டாக்டர்?

மஞ்சள் காமாலையோடு என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானோர் அதற்கு முன்பே கீழாநெல்லி குடித்திருப்பார்கள். செடியை வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி, வெறும் வயிற்றில் மோரில் கலக்கிக் குடிப்பது. கூடவே உப்பில்லாப் பத்தியம். ஆனால் குடித்ததை வாய்விட்டுச் சொல்லத் தயங்குவார்கள், டாக்டர் திட்டுவார் என்று. நான் திட்டுவதில்லை. இந்தச் செடியைப் பற்றி நடந்திருக்கும் ஆராய்ச்சி லேசுப்பட்டதல்ல. என்ன, அதன் முதல் பாதி மட்டும்தான் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது.

முதல் பாதி இது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ். பி. தியாகராஜன் குழுவினர் 1988-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கட்டுரையாளர்களில் ஒருவர் ப்ளூம்பெர்க். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்ததற்காக 1976-இல் நோபல் பரிசு பெற்றவர். ரத்தத்தில் அந்த வைரஸைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு 30 நாள் கீழாநெல்லி மருந்து கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. முடிந்ததும் பரிசோதித்தால், கீழாநெல்லி எடுத்த 37 பேரில் 22 பேருக்கு வைரஸ் இருப்பதைக் காட்டும் அதன் மேலுறைப் புரதம் ரத்தத்தில் இல்லை. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி. நாள்பட்ட தொற்றில் இந்தப் புரதம் தானாக மறைவது ஆண்டுக்கு நூற்றில் ஒருவருக்கு நடந்தாலே அதிகம். அந்தக் காலத்தில் அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி மருந்தும் கிடையாது. உலகமே சென்னையைத் திரும்பிப் பார்த்ததில் ஆச்சரியம் இல்லை. அந்தக் கட்டுரையே தன்னை முதற்கட்ட ஆய்வு என்றுதான் சொல்லிக்கொண்டது. அது மட்டும் பகிர்வுகளில் விழுந்துவிடுகிறது.

அப்புறம் என்ன நடந்தது? 1990-இல் தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள், பலனில்லை. 1994-இல் நியூசிலாந்திலும் அதே கதை. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்து மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 2011-இல் அலசியபோது, நாள்பட்ட ஹெபடைடிஸ் பி-க்கு இந்தச் செடி வகை பலன் தருகிறது என்று சொல்ல நம்பகமான ஆதாரம் போதாது என்று முடிவுக்கு வந்தார்கள். சென்னைக் குழு பொய் சொல்லவில்லை. சிறிய ஆய்வில் கிடைத்த பெரிய பலன், அடுத்தவர் கையில் கிடைக்காமல் போவது மருத்துவத்தில் அடிக்கடி நடப்பதுதான். செடி விளைந்த மண், பறித்த பருவம், அளவு, நோயாளிகள் என எது வேறாக இருந்தாலும் முடிவு மாறலாம். அதற்காகத்தான் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பது.

சரி, எலிகளின் கல்லீரலைக் காப்பாற்றியது என்கிறார்களே? உண்மைதான். இந்தச் செடியில் உள்ள ஃபைலாந்தின் போன்ற பொருட்கள் கல்லீரல் செல்களை நச்சிலிருந்து காப்பதை ஆய்வகத்தில் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அப்படிப்பட்ட பல ஆய்வுகளில் எலிக்கு முதலில் மூலிகை, பிறகுதான் விஷம். என்னிடம் வருகிறவருக்குக் கல்லீரல் ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கிறது.

"எங்க அப்பாவுக்குப் பத்தே நாள்ல இறங்கிடுச்சே டாக்டர்" என்பார்கள். இறங்கியிருக்கும். அசுத்தமான தண்ணீரால் வரும் ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும். பெரியவர்களுக்குப் புதிதாக வரும் ஹெபடைடிஸ் பி-யிலும் நூற்றில் தொண்ணூற்றைந்து பேர் வைரஸை உடம்பாலேயே விரட்டிவிடுகிறார்கள். அந்த நாட்களில் எதைக் குடித்திருந்தாலும் பேர் அதற்குத்தான் போகும். நான் எழுதிக் கொடுக்கும் சத்து மாத்திரைக்கும் இது பொருந்தும்.

தானாகச் சரியாகாத காமாலைதான் என் கவலை. பித்தக்குழாயைக் கல்லோ கட்டியோ அடைத்துக்கொண்டால் கண் மஞ்சளாகும், உடம்பெல்லாம் அரிக்கும், மலம் வெளுத்துக் களிமண் நிறத்தில் போகும். அதனால்தான் மலத்தின் நிறத்தை நாங்கள் கூச்சமில்லாமல் கேட்கிறோம். இந்த அடைப்பை எந்தச் செடியும் திறக்காது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து நீக்க வேண்டும். எலிக்காய்ச்சல், காசநோய் மாத்திரை, சாராயம் எல்லாவற்றாலும் காமாலை வரும். கர்ப்பிணிக்கு ஹெபடைடிஸ் இ வந்தால் உயிருக்கே ஆபத்து. பிலிருபின் (ரத்தத்தில் மஞ்சள் நிறமியின் அளவு), எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல் பாதிப்பைக் காட்டுவது), ஐ.என்.ஆர். (ரத்தம் உறையும் திறனைக் காட்டுவது), வைரஸ் பரிசோதனைகள், வயிற்று ஸ்கேன் ஆகியவை முதலில். கீழாநெல்லியா வேண்டாமா என்ற பேச்சு அதன் பிறகு.

கடையில் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தென்னிந்தியாவில் 25 கடைகளில் விற்ற கீழாநெல்லியை மரபணு மூலம் சோதித்து 2010-இல் ஒரு ஆய்வு வந்தது. முக்கால்வாசிக் கடைகளில் பெரும்பாலும் சரியான செடிதான். மீதிக் கடைகளில் அதே குடும்பத்தின் வேறு ஐந்து வகைகள் கிடைத்தன. காய்ந்த பிறகு அவற்றைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம். மூலிகை என்றாலே கெடுதல் இல்லை என்பதும் சரியல்ல. கொரோனா காலத்தில் எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் குடித்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021-இல் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. மறு ஆண்டே பல ஊர் மருத்துவமனைகளிலிருந்து அதே மாதிரித் தகவல்கள் சேர்ந்து வெளியாயின.

மூலிகை ஆராய்ச்சியே வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நம் ஊர் வேலியோரம் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைப் பாருங்கள். ஜமைக்காவில் சர்க்கரை நோய்க்கு அதன் இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். 1950-களில் கனடாவில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் எலிகளில் சோதித்தபோது சர்க்கரை குறைவதாகத் தெரியவில்லை; வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. நாட்டு வைத்தியம் சொன்ன பலன் பொய்த்துப்போன அந்த இடத்திலிருந்துதான் வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து வந்தது. அதே செடியிலிருந்து பிறகு வந்த வின்கிரிஸ்டினை இன்றும் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கிறோம். மில்லிகிராம் கணக்கில் அளந்து, ரத்தக்குழாய் வழியாக மட்டும். இலையை மென்றால் அந்தப் பலன் வராது, விஷம்தான் ஏறும்.

எனவே, ஏற்கெனவே கீழாநெல்லி குடித்துவிட்டீர்களா, சொல்லிவிடுங்கள். எத்தனை நாள், எதோடு கலந்து என்று சொல்லுங்கள். கடைப் பொட்டலம் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். காமாலைக்காரர் பகலில் தூங்கி இரவில் விழித்திருந்தாலோ, பேச்சு குழறினாலோ, வாந்தி நிற்காமல் போனாலோ விடியும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். ஹெபடைடிஸ் பி இருப்பது தெரிந்தால், எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கு வைரஸை அடக்கும் டெனோபோவிர் போன்ற மாத்திரைகளை 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அரசே இலவசமாகத் தருகிறது. வீட்டில் மற்றவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், தொற்று இல்லாதவர்கள் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும். பிறக்கும் குழந்தைக்கு முதல் ஊசியை 24 மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.