இணையக் கேபிளைப் பிடுங்கிப் பாருங்கள்

உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் ஹாம் நண்பர் யாராவது தங்கள் ஊர் டிஜிட்டல் ரிப்பீட்டரை, அதாவது குரலை வாங்கி மறு ஒலிபரப்பும் கருவியை, பெருமையாகச் சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: இணையக் கேபிளைப் பிடுங்கிவிட்டுப் பேசிப் பார்த்தீர்களா? பெரும்பாலும் சிரிப்புதான் பதிலாக வரும். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் தெளிவாகக் குரல் வருகிறது, இவர் எதற்குக் கேபிளைப் பிடுங்கச் சொல்கிறார் என்ற சிரிப்பு.

தகவல்தொடர்புக் கருவிகளைப் பழுதுபார்ப்பது என் தொழில். வேலூர்ப் பக்கத்து ஹாம் நண்பர்கள் சேர்ந்து நடத்தும் ரிப்பீட்டர்களைப் பராமரிப்பது விடுமுறை நாள் வேலை. இரண்டிலும் கற்ற பாடம் ஒன்றே. கருவி கெட்டுப்போவது அபூர்வம். அதைச் சுற்றியுள்ளவைதான் கைவிடுகின்றன.

புதியவர்களுக்காக அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் செல்பவை. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் கிலோமீட்டரில் கிடைக்கும். தரையில் நிற்பவரின் கையிலுள்ள கருவிக்கு அது சுமார் 5 கிலோமீட்டர். காட்பாடியின் கட்டடங்களுக்கு நடுவே அதில் பாதி கிடைத்தாலே அதிகம். அதே ஆன்டெனாவைச் சமவெளியிலிருந்து 400 மீட்டர் உயர்ந்த குன்றில் வைத்தால் 82 கிலோமீட்டர். ஓர் அலைவரிசையில் கேட்டு, 600 கிலோஹெர்ட்ஸ் தள்ளி அதே நேரத்தில் மறு ஒலிபரப்புச் செய்யும் ரிப்பீட்டரை அங்கே வைத்தால், வாணியம்பாடிக்காரரும் வாலாஜாக்காரரும் கைக்கருவியிலேயே பேசிக்கொள்ளலாம்.

மலைக்குப் பஞ்சமில்லாத சீமை இது. ஆனால் மலை தருவதை மலையே மறைக்கவும் செய்யும். ஒடுகத்தூர், அணைக்கட்டு போல ஜவ்வாது மலையின் மடிப்பில் இருக்கும் ஊர்களுக்கு, வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் குன்று பயன்படாமல் தூரத்துக் குன்று பயன்படும். அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட ரிப்பீட்டரும் அவற்றை இணைக்கும் வழியும் தேவைப்படுகின்றன. 1989இல் வட ஆர்க்காட்டைப் பிரித்தார்கள். 2019இல் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள். அலைக்கு இந்த அரசாணைகள் எட்டவில்லை. எங்கள் வரைபடத்தில் இன்னும் பழைய வட ஆர்க்காடுதான் இருக்கிறது.

இணைப்பு என்ற இடத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. இன்று பலரும் வைப்பது டி.எம்.ஆர். என்ற டிஜிட்டல் முறை. ஐரோப்பியத் தரநிலை அமைப்பு 2005இல் வெளியிட்டது. 12.5 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையை 30 மில்லிவினாடித் துண்டுகளாக நறுக்கி, மாற்றி மாற்றி இரண்டு உரையாடல்களுக்குக் கொடுக்கும். இந்தத் துண்டுக்கு ஸ்லாட் என்று பெயர். பழைய எஃப்.எம். ரிப்பீட்டரில் ஒருவர் பேசும்போது ஊரே காத்திருக்க வேண்டும். இதில் ஒரே கம்பத்தில் இரண்டு ரிப்பீட்டர்கள். கைக்கருவி பாதி நேரம்தான் அலை வீசுவதால் அதன் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். நல்ல ஏற்பாடு, மறுப்பதற்கில்லை.

ஆனால் பெரும்பாலான இடங்களில் இரண்டு ஸ்லாட்டையும் இணைய வலையமைப்புக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். குரல் மலையிலிருந்து இறங்கி, எங்கோ உள்ள சர்வருக்குப் போய், அடுத்த மலைக்கு ஏறுகிறது. பிராண்ட்மைஸ்டர் என்ற இணைய வலையமைப்பில் 9990 என்ற எண்ணை அழைத்தால் நம் குரலையே திருப்பித் தரும். புதியவர்கள் அதைக் கேட்டுவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று நிம்மதியடைகிறார்கள். திரும்பி வந்தது சர்வரிலிருந்து. பக்கத்துத் தெரு நண்பருக்கு இணையமின்றிக் குரல் போகுமா என்பதற்கு அது சாட்சி அல்ல.

இன்னொன்று ஹாட்ஸ்பாட். உள்ளங்கை அளவுப் பெட்டி, வீட்டு வைஃபையில் இணைந்துகொள்ளும்; மலையைத் தொடாமலே வலையமைப்பில் பேசலாம். உள்ளங்கையிலுள்ள கருவி, மேசையிலுள்ள பெட்டி, அவ்வளவுதான் வானொலி அலை பயணம் செய்யும் தூரம். வெளியூரில் வேலை பார்ப்பவருக்கு அது வரம். ஆனால் ரிப்பீட்டர் எட்டும் தொலைவில் வீடு கட்டிக் குடியிருப்பவரும் ஹாட்ஸ்பாட்டையே பிடித்துக்கொண்டிருந்தால், அவர் வீட்டு மாடியில் ஆன்டெனா தேவையா என்பதே தெரியாமல் போகிறது. நாங்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்கூட்டிச் சொல்லிவிட்டு இணைய இணைப்பைத் துண்டித்து வருகைப்பதிவு எடுத்தோம். வழக்கமாக வரிசையில் நின்று பேசுகிறவர்களில் பெரும்பாலோரைக் காணவில்லை. குடியாத்தத்திலிருந்து ஒரு பெரியவர் மட்டும், "தம்பி, எனக்கு எப்போதும் போலத்தான் கேட்கிறது, மற்றவர்கள் எல்லாம் எங்கே?" என்றார். மொட்டை மாடியில் மூங்கில் கட்டி ஆன்டெனா நிறுத்தியிருப்பவர் அவர்.

இது வெறும் பொழுதுபோக்கு என்றால் இவ்வளவு கவலைப்பட வேண்டாம். ஆனால் ரிப்பீட்டருக்கு இடம் கேட்டும் அனுமதி கேட்டும் போகும்போது நாமெல்லாம் பேரிடர் என்ற சொல்லைத்தான் முன்னால் வைக்கிறோம். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு நிலப்பகுதியோடு தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்ததைச் சொல்கிறோம். அவர்கள் நம்பியது இணையத்தை அல்ல. சிற்றலைக் கருவி, ஆன்டெனா, மின்சாரம், அவ்வளவே. அந்தப் புகழைக் காட்டி இடம் வாங்கிவிட்டு, செல்போன் கோபுரம் நின்றால் தானும் நிற்கும் ஒன்றை அங்கே வைப்பது எனக்கு ஒப்பவில்லை. 2021 நவம்பரில் பாலாற்றில் பெருவெள்ளம் ஓடியதை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து 9 பேர் இறந்தது அந்த மழையில்தான்.

எங்கள் ஏற்பாடு எளிது. ஒரு ஸ்லாட் உலகத்துக்கு. மற்றொன்று மாவட்டத்துக்கு மட்டும், அதற்கு இணையத்தில் எந்த வழியும் கிடையாது. சர்வரோடு தொடர்பு அறுந்தாலும் ரிப்பீட்டர் தானாக உள்ளூர்ப் பேச்சை மறு ஒலிபரப்ப வேண்டும். சில அமைப்புகளில் தொடர்பு போனதும் ரிப்பீட்டரே வாய்மூடிவிடும். அதை நிறுவும் அன்றே சோதித்துவிட வேண்டும். ஒரு மலையிலிருந்து மற்றொரு மலை கண்ணுக்குத் தெரியுமானால், உரிமம் தேவைப்படாத 5.8 கிகாஹெர்ட்ஸ் இணைப்பில் இரண்டையும் நேரடியாகக் கோத்துவிடலாம். இரண்டு தட்டு ஆன்டெனாக்களின் விலைதான் கூடுதல் செலவு.

மின்சாரக் கணக்கில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 25 வாட் ரிப்பீட்டர் ஒலிபரப்பும்போது ஏறக்குறைய 7 ஆம்பியர் இழுக்கும், சும்மா இருக்கும்போது 1 ஆம்பியருக்கும் குறைவு. இன்வெர்ட்டருக்கு வாங்கும் 150 ஏ.எச். (ஆம்பியர் மணி) டியூபுலர் பேட்டரியில் பாதியைத்தான் நிம்மதியாகச் செலவழிக்கலாம். சாதாரண நாளில் கால் பங்கு நேரம் பேச்சு இருந்தால் அது ஒரு நாளைக்கு மேல் தாங்கும். பேரிடர் நாளில் யாரும் கால் பங்கு நேரம் பேசுவதில்லை. இடைவிடாமல் பேசுவார்கள், 10, 12 மணி நேரத்தில் முடிந்துவிடும். இரண்டில் ஒரு ஸ்லாட்டில் மட்டும் பேச்சு இருந்தாலும் ரிப்பீட்டர் தொடர்ச்சியாக அலை வீசுவதால் அங்கே மிச்சம் பிடிக்கவும் வழியில்லை. கரண்ட் போனதும் தானாக 10 வாட்டுக்கு இறங்கும்படி வைத்துவிடுங்கள். கேட்பவருக்கு 4 டெசிபெல்தான் குறையும், பேட்டரிக்கோ பல மணி நேர ஆயுள் கூடும். சூரியத் தகடு கட்டாயம் வேண்டும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள்.

வேலூர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரே ஆன்டெனாவில் பேசவும் கேட்கவும் டூப்ளெக்சர் என்ற உருளைப் பெட்டிகளை வைக்கிறோம். ரிப்பீட்டர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டே எதிரே கிசுகிசுப்பவரைக் கேட்க வேண்டிய நிலை. சொந்தச் சத்தத்தைச் சுமார் 80 டெசிபெல், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்காக, அடக்குவது இந்தப் பெட்டிகளின் வேலை. உலோகம் சூட்டில் விரியும். விரிந்தால் சுருதி விலகும். தகரக் கொட்டகைக்குள் அக்கினி நட்சத்திர நாட்களில் மதியம் போய் நின்றவர்களுக்கு அந்தச் சூடு தெரியும். காலையில் நன்றாகக் கேட்ட ஆம்பூர் பிற்பகலில் காணாமல் போய், இரவில் திரும்பி வரும். எல்லோரும் கருவியைச் சந்தேகிப்பார்கள். கொட்டகைக்கு மேல் ஓர் இடைவெளி விட்டு இன்னொரு கூரை போட்டு, பெட்டிகளைச் சுவரின் கீழ்ப்பகுதிக்கு இறக்கினாலே பாதிச் சிக்கல் தீரும். பேட்டரிக்கும் அதுவே மருந்து. 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈய அமில பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிறது.

கேபிளில் மழைநீர் இறங்குவது இன்னொரு தொல்லை. எஃப்.எம். காலத்தில் இரைச்சல் கூடும், பேசுகிறவர்களே வந்து சொல்வார்கள். டிஜிட்டலில் இரைச்சல் கிடையாது. கடைசி வரை தெளிவாகக் கேட்டுவிட்டு, எல்லையைத் தாண்டியதும் உடைந்த உலோகச் சத்தமாகி நின்றுவிடும். எல்லையோரத்தில் இருப்பவர் தன் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்து அமைதியாக விலகிவிடுவார். எனவே பிட் பிழை விகிதத்தை, அதாவது வந்த தகவல் துணுக்குகளில் எத்தனை சதவீதம் தவறு என்பதை, பதிவு செய்து வாரம் ஒருமுறையாவது பாருங்கள். அரை சதவீதத்தில் இருந்த ஒரே வீட்டு நிலையம் மாதக்கணக்கில் மெல்ல 3 சதவீதத்துக்கு ஏறினால் கம்பத்தில் ஏற வேண்டிய நேரம் வந்துவிட்டது. கேபிள் உள்ளே நுழையும் இடத்துக்கு முன் ஒரு வளைவு தொங்கவிடுங்கள். நீர் அங்கே சொட்டிவிடும். இடிதாங்கியும் எர்த்தும் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மலையில் வைப்பவர் எவரும் முதல் கோடையிலேயே கற்றுக்கொள்வார்.

கம்பம் நடும்போது அடிவாரத்து மக்கள் வந்து, "சார், இது செல்போன் டவரா?" என்று கேட்பார்கள். எரிச்சல் படாமல் நின்று விளக்குங்கள். ஆடு மேய்ப்பவர்கள்தான் கம்பி அறுந்ததையும் கதவு திறந்து கிடப்பதையும் முதலில் பார்ப்பவர்கள்.

சட்டம் பற்றிக் கொஞ்சம். 12 வயது நிறைந்த எவரும் மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் தேர்வை எழுதி உரிமம் பெறலாம். ஆரம்ப நிலைக்கு மோர்ஸ் என்ற தந்திக் குறியீடு தேவையில்லை. ரிப்பீட்டருக்குத் தனி அனுமதி வேண்டும். கல்யாண மண்டபத்துக்கும் தோல் தொழிற்சாலைக் காவலுக்கும் இதைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு. வணிகப் பேச்சுக்கு இங்கே இடமே இல்லை. டி.எம்.ஆர். கருவிகளில் இருக்கும் மறைகுறியாக்க வசதியையும் அணைத்து வையுங்கள். ஹாம் பேச்சு எவரும் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். உரிமம் தேவைப்படும் வாக்கி டாக்கியை உரிமமில்லாமல் இணையத்தில் மலிவாக வாங்கிப் பேசுவது குற்றம். விற்பவர்களுக்கு எதிராகவும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டிருக்கிறது.

புதிதாகக் கருவி வாங்கியவர்கள் யாரோ தயாரித்த அலைவரிசைப் பட்டியலை அப்படியே ஏற்றிக்கொள்கிறார்கள். அதில் லண்டன் இருக்கும், மாவட்ட ஸ்லாட் இருக்காது. அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிப்பீட்டரே விழுந்துவிட்டால் பேச, சாதாரண எஃப்.எம்.மில் ஒரு நேரடி அலைவரிசையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுத்த சோதனையை வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் வைத்திருக்கிறோம், இந்த முறையும் இணையம் இல்லாமல்தான். குடியாத்தம், ஆம்பூர், சோளிங்கர் பக்கம் ஆட்கள் இருக்கிறார்கள். பேரணாம்பட்டில் இன்னும் ஒருவரும் இல்லை. அந்தப் பக்கத்தில் உரிமம் எடுக்க விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள். தேர்வுக்குப் படிக்கவும் மாடியில் ஆன்டெனா கட்டவும் நாங்கள் வருகிறோம்.