பீங்கானுக்கு மேல் எதற்குப் பொலித்தீன்?

சுகாதாரப் பரிசோதனைக்கு ஓர் உணவகத்துக்குப் போனால் நேரே பின்பக்கம், பீங்கான் கழுவும் இடத்துக்குத்தான் போவேன். அங்கே குழாயில் தண்ணீர் நூலாக ஒழுகினால், முன்னால் பீங்கானுக்கு மேல் லன்ச் ஷீட் என்ற மெல்லிய பொலித்தீன் தாளை விரித்துத்தான் சாப்பாடு போடுகிறார்கள் என்பது பார்க்காமலே தெரியும்.

ஏ9 வீதியில் ஒரு பஸ் நின்றால் நாற்பது ஐம்பது பேர் ஒரேயடியாக இறங்குவார்கள். கழுவ ஆள் போதாது. வன்னிக் கோடையில் கிணறும் அடியில் கிடக்கும். தாளை விரித்துப் பரிமாறி, சாப்பிட்டதும் சுருட்டி எறிந்தால் அடுத்தவருக்கு அதே பீங்கான் ஆயத்தம். "கழுவாத பீங்கானை விட இது சுத்தம்தானே, ஐயா?" என்று முதலாளிமார் கேட்பார்கள். ஒட்டிக்கொண்ட தாள்களை எச்சில் விரலால் பிரித்து, வாயால் ஊதி விரிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் அந்தச் சுத்தத்தின் இலட்சணம் விளங்கும்.

பொலித்தீன் லன்ச் ஷீட்டும் ரெஜிபோம் என்ற நுரைப் பிளாஸ்டிக் பெட்டியும் இலங்கையில் 2017 செப்டெம்பரிலேயே தடைசெய்யப்பட்டவை. 2023 ஒக்டோபரில் பிளாஸ்டிக் கரண்டி, உறிஞ்சுகுழல், இடியப்பத் தட்டு முதலியனவும் சேர்ந்தன. சட்டம் காட்டி மிரட்டினால் தாள் ஒரு கிழமை லாச்சிக்குள் போகும், பிறகு வெளியே வந்துவிடும். கழுவும் வசதி வராமல் தாள் ஒழியாது என்பதே என் முடிவு.

அதற்குப் பெரிய முதல் தேவையில்லை. உயரத்தில் ஒரு தண்ணீர்த் தாங்கி, மூன்று தொட்டிகள்: ஒன்றில் சவர்க்காரம், அடுத்ததில் நல்ல தண்ணீர், கடைசியில் சுடுநீர். மிச்சச் சோற்றை முதலில் வழித்துவிட்டால் தண்ணீர் மிச்சப்படும். துணியால் துடைக்காமல் கம்பித் தட்டில் கவிழ்த்து உலரவிடுங்கள். ஒரு பஸ்ஸுக்குப் போதுமான பீங்கான் கையிருப்பில் இருக்கட்டும்.

கொதிக்கும் சாம்பாரை மெல்லிய பையில் ஊற்றிக் கட்டிக் கொடுப்பது இன்னும் மோசம். சூடும் எண்ணெயும் சேர்ந்தால் பிளாஸ்டிக்கில் உள்ள இரசாயனங்கள் உணவில் இறங்குவது கூடும். தூக்குச்சட்டியோடு வருபவருக்கு ஒரு கரண்டி கறி கூடப் போடுங்கள், மறுநாளும் சட்டியோடு வருவார். பார்சலுக்கு வாழையிலையை அனலில் வாட்டினால் கிழியாது. நம் குளங்களில் தாமரையிலைக்கும் பஞ்சமில்லை. ஆனால் குளத்து நீரோடு அப்படியே விரிக்காமல், நல்ல தண்ணீரில் இருபுறமும் கழுவுங்கள்.

எறிந்த தாளில் சோறு ஒட்டியிருப்பதால் கட்டாக்காலி மாடுகள் தாளோடு விழுங்குகின்றன. அது வயிற்றில் செரிக்காமல் திரண்டு, தீன் இறங்க வழிவிடாது. குப்பையோடு கொளுத்துவதும் குற்றம்.

புதிதாகக் கடை போடுபவர்கள் மேசை நாற்காலி வாங்குமுன் தொட்டிகளுக்கு இடம் ஒதுக்குங்கள். உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டால், கழிவுநீர் எங்கே போகவேண்டும் என்பதையும் அவரே பார்த்துச் சொல்வார்.