காந்தத்தில் தொங்கும் ஆக்சிஜன்

திரவ நைட்ரஜனை வலிமையான காந்தம் ஒன்றின் இரு முனைகளுக்கு நடுவே ஊற்றினால் அது நேராகக் கீழே ஓடிவிடும். மைனஸ் 183 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் வெளிர்நீலத் திரவ ஆக்சிஜனோ முனைகளுக்கிடையே பாலம்போலத் தொங்கி, ஆவியாகும்வரை அங்கேயே நிற்கும். திரவ ஆக்சிஜனின் இந்தக் காந்த ஈர்ப்பை 1891இல் லண்டனில் ஜேம்ஸ் டியூவர் செய்து காட்டினார்.

பள்ளியில் எலக்ட்ரான்களைப் புள்ளிகளாகக் காட்டி நாம் வரையும் படத்தின்படி இது நடக்கவே கூடாது. 1916இல் கில்பர்ட் லூயிஸ் முன்வைத்த கருத்தின் வழியே, வெளிக்கூட்டில் ஆறு எலக்ட்ரான்கள் கொண்ட இரு ஆக்சிஜன் அணுக்கள் தலா இரண்டைப் பகிர்ந்து, எட்டு என்னும் நிறைவை எட்டி, இரட்டைப் பிணைப்பால் இணைகின்றன என்று படிக்கிறோம். அப்படத்தில் எல்லா எலக்ட்ரான்களும் இணை இணையாகவே இருக்கின்றன. இணையில் உள்ள இரண்டின் தற்சுழற்சியும் எதிரெதிராக அமைவதால் அவற்றின் காந்த விளைவு ஒன்றையொன்று அழித்துவிடும். காந்தம் ஈர்க்கவேண்டுமானால் இணையாத எலக்ட்ரான் இருந்தாக வேண்டும்.

1929இல் லெனார்ட்-ஜோன்ஸ் இதற்கு விடை தந்தார். அணுக்கள் சேரும்போது அவற்றின் ஆர்பிட்டால்கள், அதாவது எலக்ட்ரான்கள் இருக்கக்கூடிய இடப்பகுதிகள், கலந்து, மூலக்கூறு முழுவதற்கும் உரிய புதிய ஆர்பிட்டால்கள் உருவாகின்றன. அவற்றுள் அணுக்களைப் பிணைப்பவை ஒரு வகை. பிணைப்பைத் தளர்த்தும் எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்கள் மற்றொரு வகை. ஆக்சிஜனின் பன்னிரண்டு வெளிக்கூட்டு எலக்ட்ரான்களில் எட்டு முதல் வகையிலும் நான்கு இரண்டாம் வகையிலும் அமர்கின்றன. இவற்றின் வேறுபாட்டில் பாதியே பிணைப்பின் தரம், அதாவது எத்தனை மடங்குப் பிணைப்பு என்பதைச் சொல்லும் எண், என்பதால் விடை இரண்டு. லூயிஸின் இரட்டைப் பிணைப்பு அப்படியே நிற்கிறது. ஆனால் கடைசி இரு எலக்ட்ரான்களுக்குச் சம ஆற்றலுள்ள இரண்டு எதிர்பிணைப்பு ஆர்பிட்டால்கள் கிடைப்பதால், ஹண்ட் விதிப்படி அவை தனித்தனியே, ஒரே திசைத் தற்சுழற்சியுடன் குடியேறுகின்றன. காந்தம் பற்றியிழுப்பது இந்த இரண்டைத்தான்.

என்னை மிகவும் கவர்ந்த சான்று வேறொன்று. ஆக்சிஜன் மூலக்கூறிலிருந்து ஓர் எலக்ட்ரானை அகற்றினால் பிணைப்பு வலுவிழக்கும் என்றே எவரும் நினைப்பர். உண்மையில் அதன் நீளம் 121 பிக்கோமீட்டரிலிருந்து 112 ஆகச் சுருங்கி, பிணைப்பு வலுப்பெறுகிறது. வெளியேறியது பிணைப்பைத் தளர்த்திக்கொண்டிருந்த எலக்ட்ரான்! எட்டு எலக்ட்ரான் நிறைவைச் சொல்லும் எண்ம விதியைக் கற்பிக்கும் அன்றே இதையும் மாணவர்களுக்குச் சொல்லிவிடலாம்.

மரமும் துணியும் காற்றில் தாமாகத் தீப்பற்றாமல் இருப்பதிலும் இவ்விரு எலக்ட்ரான்களுக்குப் பெரும்பங்கு உண்டு. எரிபொருளின் எலக்ட்ரான்கள் இணைகளாகவே இருப்பதால், ஒரே திசையில் சுழலும் இந்த இரண்டுக்கும் அவற்றிலிருந்து ஓர் இணை ஒரே அடியில் வந்து சேர முடிவதில்லை. அதனால்தான் தொடங்கிவைக்க ஒரு தீக்குச்சியின் வெப்பம் தேவைப்படுகிறது.